உங்கள் என்.எஃப்.எல். அணிக்கு ஆஃப்சீசன் ரோஸ்டர் திட்டம் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இல் சீசன் இல்லாத மாதங்களில் (ஆஃப்சீசன்), தங்கள் அணியின் ஆட்டக்காரர் பட்டியலை (ரோஸ்டர்) எப்படி அமைக்கலாம் என்று ரசிகர்கள் தாளில் திட்டம் போட்டுப் பார்ப்பதுண்டு. புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஆரம்பிக்கிறார்கள். முதல் சுற்றில் இந்த ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்), ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் இல்லாதவர்களின் சந்தை) அந்த எட்ஜ் ரஷர் (எதிரணியின் பந்தெறிபவரை ஓரத்திலிருந்து துரத்துபவர்) என்று பெயர்களை அடுக்கிவிட்டுக் கடைசியில்தான் பணத்தைப் பார்க்கிறார்கள். அங்கே கணக்கு இடிக்கிறது. உடனே யாரையாவது அவசரமாக நீக்கி இடத்தைச் சரிக்கட்டுகிறார்கள். அந்த நீக்கத்தால் சேமிப்பே வராது என்பது பல நேரம் அவர்களுக்குத் தெரிவதில்லை.

சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. தேதி, பணம், இருக்கிற ஆட்கள், போகிற ஆட்கள் என்று வந்து, வருகிற ஆட்களைக் கடைசியில் எழுத வேண்டும். கீழே உள்ள எண்கள் 2025 லீக் ஆண்டுக்கானவை. வேறு ஆண்டுக்குத் திட்டம் போட்டால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விரிதாள் போதும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வரி. அதில் பெயர், ஆடும் இடம், வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, இந்த ஆண்டு கேப் எண் (அணியின் சம்பள உச்சவரம்பான கேப்பில் அவர் பெயரில் ஏறும் தொகை), அதில் உறுதி செய்யப்பட்ட சம்பளம், இன்னும் கணக்கில் ஏறாத போனஸ் பங்கு, அடுத்த ஆண்டு கேப் எண் ஆகிய எட்டுக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தை வேண்டாம் என்று விடுபவர்கள்தான் அதிகம். 13-ஆம் படியில் அது இல்லாமல் முடியாது.

ஒப்பந்த எண்களுக்கு ஓவர் தி கேப், ஸ்பாட்ராக் என்ற இரண்டு தளங்கள் உண்டு. எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. ஒரு பாதியை இங்கேயும் மறு பாதியை அங்கேயும் எடுத்தால் இல்லாத சில மில்லியன் டாலர் தாளில் முளைத்துவிடும்.

யார் எத்தனை ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடினார்கள் என்பதற்குப் புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளம் போதும். ஆட்டக்காரரின் பெயருக்கும் புகழுக்கும் மேலாக, பயிற்சியாளர் அவரை எவ்வளவு நேரம் களத்தில் வைத்திருந்தார் என்பதுதான் அணி அவரை எப்படிப் பார்க்கிறது என்று காட்டும்.

2. நாட்காட்டியை முதலில் எழுதுங்கள்

எந்தப் பணம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்பதை வைத்துத்தான் எதை எப்போது செய்ய முடியும் என்பது முடிவாகும். ஃபிப்ரவரி மூன்றாம் வாரத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை இரண்டு வாரம் ஃப்ரான்சைஸ் டேக் (ஒப்பந்தம் முடிகிற ஒருவரை நிர்ணயித்த தொகைக்கு ஓர் ஆண்டு தக்கவைக்கும் உரிமை) போடலாம். மார்ச் நடுவில் ஒரு திங்கள் மதியம் பிற அணிகளின் ஃப்ரீ ஏஜென்ட்டுகளோடு பேசும் சாளரம் திறக்கிறது. புதன் அன்று நியூயார்க் நேரம் மாலை 4 மணிக்குப் புதிய லீக் ஆண்டு பிறக்கிறது. 2025-இல் அவை மார்ச் 10, மார்ச் 12. இந்தியாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது நள்ளிரவு தாண்டி 1:30.

அந்த 4 மணிக்குள் ஒவ்வொரு அணியும் கேப்புக்குள் வந்தாக வேண்டும். ஆகவே உங்கள் நீக்கங்களும் ரீஸ்ட்ரக்சர்களும் (சம்பளத்தின் கேப் சுமையைப் பின் ஆண்டுகளுக்குத் தள்ளுவது) அதற்கு முன்னால், வாங்குதல் அதற்குப் பின்னால்.

ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் (2025-இல் 24 முதல் 26 வரை, கிரீன் பேயில்). மே தொடக்கத்தில் முதல் சுற்று ஆட்டக்காரர்களின் ஐந்தாம் ஆண்டு ஆப்ஷனுக்கு (நான்காண்டு ஒப்பந்தத்தை இன்னும் ஓர் ஆண்டு நீட்டும் அணியின் உரிமை) கெடு. பிறகு ஜூன் 1 என்ற கோடு (ஏன் என்று 5-ஆம் படியில்). ஜூலை நடுவில் டேக் போட்டவரோடு நீண்ட ஒப்பந்தம் பேசி முடிக்கும் கெடு. ஆகஸ்ட் இறுதியில் 90 பேர் பட்டியல் 53 பேராகச் சுருங்க வேண்டும்.

3. உண்மையில் எவ்வளவு செலவழிக்கலாம் என்று கணக்கிடுங்கள்

2025 கேப் 279.2 மில்லியன் டாலர். முந்தைய ஆண்டு செலவழிக்காமல் மிச்சம் வைத்த தொகையை அணி அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்பதால் ஒவ்வோர் அணியின் வரம்பும் வேறு. தளங்கள் இதைச் சேர்த்தேதான் காட்டும். நீங்கள் இன்னொரு முறை கூட்டிவிடாதீர்கள்.

ஆஃப்சீசனில் 90 பேர் இருந்தாலும் கேப் எண்ணில் மேலே உள்ள 51 பேர்தான் முழுதாகக் கணக்கில் வருவார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களின் போனஸ் பங்கு மட்டும் ஏறும். போனவர்களின் டெட் மனியும் (ஆள் போன பிறகும் கேப்பில் நிற்கும் தொகை) ஏறும். இந்த விதி சீசன் தொடங்கும் நாளில் காலாவதியாகிறது. மார்ச்சில் தெரியும் கேப் இடம் செப்டம்பரில் இருக்காது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு தளம் உங்கள் அணிக்கு 30 மில்லியன் இடம் இருப்பதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி அணியில் (53-க்கு வெளியே வைத்திருக்கும் மாற்று ஆட்கள்) 16 பேர், வாரத்துக்குக் குறைந்தபட்சம் 13,000 டாலர், 18 வாரம். அது 3.74 மில்லியன். 51-ஐ 53 ஆக்க இன்னும் இரண்டு பேர், சுமார் 1.9 மில்லியன். சீசன் நடுவில் காயம் பட்டவருக்குப் பதில் ஆள் எடுக்க 5 மில்லியன். டிராஃப்ட் வகுப்புக்கு (அந்த ஆண்டு டிராஃப்டில் எடுக்கும் புதியவர்கள்) நிகரமாக 4 மில்லியன். எல்லாம் போக மிஞ்சுவது சுமார் 15.4. பாதிப் பணம் ஒரு பெயர்கூட எழுதும் முன்பே போய்விட்டது.

காயத்துக்கான 5 மில்லியனைத் தொட்டுவிடாதீர்கள். காயம் பட்டு ஓரம் ஒதுங்கியவரின் சம்பளமும் கேப்பில் தொடரும், பதிலாக வருபவரின் சம்பளமும் ஏறும்.

4. ஆட்களை நான்கு கூடைகளாகப் பிரியுங்கள்

முதல் கூடை, ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஜனவரியில் பயிற்சி அணியிலிருந்து ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் (அடுத்த சீசனுக்கானது) பெற்றவர்களும் இதில் அடக்கம். அவர்களை மறந்தால் 90 எண்ணிக்கை தப்பும்.

மற்ற மூன்று கூடைகளும் ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு. முழுச் சம்பளத்தோடு குறைந்தது 6 ஆட்டங்களுக்குப் பட்டியலில் இருந்தால் அது ஒரு கணக்கிடத்தக்க சீசன். அப்படி 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர் எங்கும் போகலாம். 3 இருந்தால் கட்டுப்பாடு உள்ள ஃப்ரீ ஏஜென்ட். மூன்றுக்கும் குறைவு என்றால் அணி குறைந்தபட்சச் சம்பளம் நீட்டினாலே வேறெங்கும் பேச முடியாது. கடைசிக் கூடையில் இருப்பவர்களை அனேகமாக அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஒரு மில்லியன் அளவில் கிடைக்கும் ஆள் வேறு எங்கே?

கட்டுப்பாடு உள்ளவர்களுக்குச் சற்று யோசிக்க வேண்டும். 2025-இல் மிகக் குறைந்த டெண்டரே (அவர் மீதான உரிமையைத் தக்கவைக்க அணி நீட்டும் ஓராண்டுச் சம்பளம்) சுமார் 3.26 மில்லியன். சிறப்புக் குழுவில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களில் இறங்கும் குழு) மட்டும் ஆடும் ஒருவருக்கு இது கூடுதல். பல அணிகள் டெண்டர் போடாமல் விட்டு, பிறகு குறைந்த தொகைக்குத் திரும்ப அழைக்கும். உங்கள் தாளிலும் அதையே செய்யலாம்.

5. நீக்கங்கள்: சேமிப்பு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்

வழிகாட்டி முழுவதிலும் இந்தப் படியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஒரு கற்பனை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு, 60 மில்லியன். அதில் சைனிங் போனஸ் (கையெழுத்திட்டதும் தரும் தொகை) 20. அடிப்படைச் சம்பளம் முறையே 2, 10, 13, 15.

போனஸ் கையில் உடனே கிடைத்துவிடும். ஆனால் கேப் கணக்கில் ஒப்பந்தக் காலம் முழுவதும் சமமாகப் பிரியும், அதிகபட்சம் 5 ஆண்டு. இங்கே ஆண்டுக்கு 5. ஆகவே கேப் எண்கள் 7, 15, 18, 20.

மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் இவரை நீக்குகிறீர்கள். 18 மில்லியன் மிச்சம் என்று எழுதினால் தப்பு. கொடுத்துவிட்ட போனஸில் இன்னும் கணக்கில் ஏறாதது 10. அது மொத்தமாக இந்த ஆண்டே விழும். டெட் மனி 10, சேமிப்பு 8. அவருடைய மூன்றாம் ஆண்டுச் சம்பளத்தில் 6 மில்லியன் உறுதி செய்யப்பட்டிருந்தால் டெட் மனி 16, சேமிப்பு வெறும் 2. இரண்டு மில்லியனுக்காக ஒரு ஸ்டார்ட்டரை (தொடக்க ஆட்டக்காரர்) இழப்பது பெரும்பாலும் நஷ்டம்.

ஜூன் 1-க்குப் பிந்தைய நீக்கம் என்று அறிவித்தால் இந்த ஆண்டுக்கு 5, அடுத்த ஆண்டுக்கு 5 என்று பிரியும். இந்த ஆண்டு சேமிப்பு 13 ஆகிறது. ஒரு லீக் ஆண்டில் இரண்டு பேருக்கு மட்டுமே இந்த அறிவிப்பை மார்ச்சிலேயே தரலாம். ஆனால் பணம் ஜூன் 2-இல்தான் விடுபடும். அதுவரை அவருடைய 18 முழுதாக உங்கள் கேப்பிலேயே உட்கார்ந்திருக்கும். இந்தச் சேமிப்பை வைத்து மார்ச்சில் எட்ஜ் ரஷர் வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர்! அந்தப் பணம் டிராஃப்ட் வகுப்புக்கும் சீசன் நடுச் செலவுக்கும்தான் உதவும்.

தேதியும் முக்கியம். டென்வர் பிராங்கோஸ் 2024 மார்ச்சில் ரஸ்ஸல் வில்சனை விட்டதில் 85 மில்லியன் டெட் மனி. அதை 2024-க்கு 53, 2025-க்கு 32 என்று பிரித்துக்கொண்டார்கள். லீக் ஆண்டின் ஐந்தாம் நாள் வரை அவரை வைத்திருந்தால் 2025 சம்பளமான 37 மில்லியனும் உறுதியாகியிருக்கும். அதனால்தான் அந்த முடிவு அந்தத் தேதிக்கு முன்பே வந்தது. உங்கள் பட்டியலில் இப்படி ஒரு தேதியில் உறுதியாகும் சம்பளமோ ரோஸ்டர் போனஸோ (அந்தத் தேதியில் பட்டியலில் இருந்தாலே கிடைப்பது) யாருக்கு இருக்கிறது என்று குறித்துவைத்து, அவரைப் பற்றி முதலில் முடிவெடுங்கள்.

6. ரீஸ்ட்ரக்சர்: எதை அடகு வைக்கலாம்

சம்பளத்தைப் போனஸாக மாற்றிப் பின் ஆண்டுகளுக்குத் தள்ளுவதுதான் ரீஸ்ட்ரக்சர். ஆட்டக்காரருக்கு ஒரு டாலரும் குறையாது, பணம் முன்கூட்டியே கிடைக்கும். அதனால் சம்மதம் ஒரு பிரச்சினையே இல்லை. பல ஒப்பந்தங்களில் அணிக்கே அந்த உரிமை எழுதப்பட்டிருக்கும். இதையே சம்பளக் குறைப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேறு விஷயம், அதற்கு ஆட்டக்காரர் ஒப்ப வேண்டும், பெரும்பாலும் ஒப்பமாட்டார்.

மேலே சொன்ன அதே ஒப்பந்தத்தில், மூன்றாம் ஆண்டுச் சம்பளம் 13-இல் 11-ஐப் போனஸாக மாற்றுகிறோம். மீதமுள்ள இரண்டு ஆண்டுகளுக்கு 5.5 வீதம். இந்த ஆண்டு கேப் எண் 18-இலிருந்து 12.5 ஆகிறது. அடுத்த ஆண்டு 20-இலிருந்து 25.5.

பின்னால் மூன்று வெற்று ஆண்டுகளை (அவர் ஆடாத, போனஸைப் பிரிப்பதற்காக மட்டும் எழுதும் ஆண்டுகள்) சேர்த்தால் 11 ஐந்தாகப் பிரியும், ஆண்டுக்கு 2.2. இந்த ஆண்டு 9.2, அடுத்த ஆண்டு 22.2. ஒப்பந்தம் தானாகக் காலாவதியாகும்போது மிச்சம் 6.6 ஒரே அடியாக விழும், ஆள் உங்கள் அணியிலேயே இல்லாதபோது. கடன் வாங்கிய ஆள் ஊரைவிட்டுப் போன பிறகு தவணை கட்டுவது போலத்தான்.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: இரண்டு ஆண்டு கழித்தும் இவர் இங்கே ஆடுவாரா? ஆம் என்றால் செய்யலாம். 31 வயது ரன்னிங் பேக்குக்கோ (பந்தோடு ஓடுபவர்), தோள்பட்டையில் தொந்தரவு உள்ளவருக்கோ செய்யாதீர்கள். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 2025 மார்ச்சில் டெரெக் காரின் ஒப்பந்தத்தை மாற்றியமைத்தது. மே மாதம் அவர் தோள்பட்டைக் காயத்தால் ஓய்வை அறிவித்துவிட்டார்.

நீக்கங்களை முடித்த பிறகே இந்தப் படிக்கு வாருங்கள். ரீஸ்ட்ரக்சர் செய்த ஆளை அதே ஆண்டில் நீக்குவதாகவும் எழுதிவைத்திருக்கும் திட்டங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அதில் சேமிப்பு மறைந்து டெட் மனி வீங்கும்.

7. சொந்த ஆட்கள்: யாரைத் தக்கவைப்பது

நான்காவது படியின் இரண்டாம் கூடைக்குத் திரும்புங்கள். எங்கும் போகக்கூடியவர்கள் ஒவ்வொருவருக்கும் எதிரே ஓர் உச்சவிலையை எழுதுங்கள். அதைத் தாண்டினால் போகட்டும். விலை எழுதாமல் 'கட்டாயம் வேண்டும்' என்று மட்டும் குறித்தால் அது திட்டமாகாது.

ஃப்ரான்சைஸ் டேக் ஒரே ஒருவருக்குத்தான். போட்ட உடனேயே முழுத் தொகையும் கேப்பில் ஏறும், அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும். இரண்டாம் முறை போட்டால் முந்தைய தொகையின் 120 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சின்சினாட்டி பெங்கால்ஸ் டீ ஹிக்கின்ஸுக்கு 2024-இல் சுமார் 21.8 மில்லியன், 2025-இல் சுமார் 26.2 மில்லியன் என்று டேக் போட்டது அப்படித்தான்.

இன்னொரு பொறி: ஒஃபென்சிவ் லைனில் (பந்தெறிபவரைக் காக்கும் முன்வரிசை; நடுவில் சென்டர், இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள்) ஐந்து இடங்களுக்கும் ஒரே டேக் தொகை. அதைத் தீர்மானிப்பவர்கள் விலை கூடிய டேக்கிள்கள். ஆகவே ஒரு கார்டுக்கு டேக் போட்டால் டேக்கிள் விலை கொடுக்கிறீர்கள். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2025-இல் ட்ரே ஸ்மித்துக்கு 23.4 மில்லியன் டேக் போட்டது, ஜூலையில் நீண்ட ஒப்பந்தமாக மாற்றிக்கொள்வதற்காக. உங்கள் திட்டத்தில் கார்டுக்கு டேக் இருந்தால் ஜூலையில் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள்.

ஐந்தாம் ஆண்டு ஆப்ஷன் முதல் சுற்றில் எடுத்தவர்களுக்கு மட்டும். எடுத்த கணமே முழுத்தொகையும் உறுதியாகிவிடும். மூன்று சீசனில் பாதி நாள் காயத்தில் கிடந்தவருக்கு ஆசைப்பட்டு ஆம் போடாதீர்கள்.

8. தேவைகளை ஆட்ட முறையிலிருந்து எழுதுங்கள்

'கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) தேவை' என்று எழுதினால் போதாது. எந்தக் கார்னர்? ஆளோடு ஆள் ஒட்டி ஆடும் அணிக்கு வேண்டியவர் வேறு, பகுதி காத்து ஆடும் அணிக்கு வேண்டியவர் வேறு. ஒருங்கிணைப்பாளர் (ஆட்ட முறையை வகுக்கும் பயிற்சியாளர்) மாறியிருந்தால் பழைய தேவைப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். முன்வரிசையில் மூவர், பின்னால் நான்கு லைன்பேக்கர் நிற்கும் 3-4 முறைக்கு ஏற்ற எட்ஜ் ஆட்டக்காரர், முன்னால் நால்வர் நிற்கும் 4-3 முறையில் திணறலாம்.

தொடக்க ஆட்டக்காரர்கள் பதினொன்று, பதினொன்று என்று எண்ணுவதும் இன்று ஒத்துவராது. டிஃபென்ஸ் பாதிக்கும் மேற்பட்ட ஸ்னாப்களில் ஐந்து டிஃபென்சிவ் பேக்குகளோடுதான் (கார்னர்கள், சேஃப்டிகள் என்ற பின்வரிசைக் காவலர்கள்) நிற்கிறது. உள்பக்க ரிசீவரைக் காக்கும் ஸ்லாட் கார்னரும் ஸ்டார்ட்டர், மூன்றாவது ரிசீவரும் ஸ்டார்ட்டர். மூன்றாவது லைன்பேக்கர் அப்படி இல்லை.

ஒவ்வொரு தேவைக்கும் அடுத்த ஆண்டையும் பாருங்கள். இந்த ஆண்டு லெஃப்ட் டேக்கிள் இருக்கிறார், ஆனால் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது என்றால் அதுவும் தேவைதான். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2025 மார்ச்சில் மில்டன் வில்லியம்ஸை (பேட்ரியட்ஸ், 4 ஆண்டு 104 மில்லியன்), ஜாஷ் ஸ்வெட்டை (கார்டினல்ஸ், 4 ஆண்டு 76.4 மில்லியன்) விட்டுக்கொடுத்தது. ஜேலன் கார்ட்டர், நோலன் ஸ்மித் இருவரையும் 2023 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுத்து வைத்திருந்ததால்தான் அந்த விலைக்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

9. ஃப்ரீ ஏஜென்சி: விலையைச் சதவீதத்தில் போடுங்கள்

பழைய ஒப்பந்தத் தொகையை அப்படியே எடுத்து எழுதுவது அடுத்த பெரிய தவறு. கேப் 2024-இல் 255.4 மில்லியன், 2025-இல் 279.2. 2024-இல் ஆண்டுக்கு 20 மில்லியன் வாங்கியவர் கேப்பில் 7.83 சதவீதம். அதே தரத்து ஆளுக்கு 2025-இல் 21.9 மில்லியன் வரும். இணையான மூன்று ஒப்பந்தங்களை எடுத்து, சதவீதமாக்கி, சராசரி போடுங்கள். வயது, ஆடும் இடம் இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

பெரிய ஒப்பந்தங்களின் முதல் ஆண்டு கேப் எண் ஆண்டுச் சராசரியில் பாதிக்கும் கீழே இருப்பது சகஜம். அதனால் 15 மில்லியன் இடத்தில் ஆண்டுக்கு 20 கேட்பவரையும் சேர்க்கலாம். இதைத் தெரிந்துகொண்டதும் நான்கு பேரை வாங்கத் தோன்றும். மூன்றாம் ஆண்டில் நால்வர் எண்ணும் ஒன்றாக ஏறும்.

ஒவ்வொரு தேவைக்கும் மூன்று பெயர், மூன்று விலை எழுதுங்கள். முதல் ஆள் உங்கள் ஊருக்கு வரமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறு அணியும் அவரைக் கேட்கும், அவருக்கும் ஒரு விருப்பம் உண்டு.

ஈட்டுத் தேர்வுகளையும் கணக்கில் எடுங்கள். ஒப்பந்தம் முடிந்து போனவர்கள் வந்தவர்களைவிடக் கூடுதல் என்றால் அடுத்த ஆண்டு டிராஃப்டில் 3 முதல் 7-ஆம் சுற்று வரை கூடுதல் தேர்வு கிடைக்கும், ஓர் அணிக்கு அதிகபட்சம் நான்கு. பழைய அணி நீக்கியதால் சந்தைக்கு வந்தவரை எடுத்தால் இந்தக் கணக்கு கெடாது. டிராஃப்ட் முடிந்த அடுத்த திங்களுக்குப் பிறகு எடுப்பவரும் கணக்கில் வரமாட்டார். நல்ல ஆள் போய்விட்டார் என்றால், நடுத்தர ஃப்ரீ ஏஜென்ட் ஒருவரை மார்ச்சில் அவசரப்பட்டு எடுத்து அந்தத் தேர்வைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடிமட்ட நிரப்பலுக்கு ஒரு சலுகை உண்டு. நான்கு சீசனோ அதற்கு மேலோ ஆடியவர் ஓர் ஆண்டுக்குக் குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் வந்தால், 2025-இல் அவர் பெறும் 1.17 அல்லது 1.255 மில்லியனுக்குப் பதிலாகக் கேப்பில் 1.03 மட்டுமே ஏறும்.

10. டிரேடு: போனஸ் உங்களோடே தங்கும்

டிரேடில் (அணிகளுக்கிடையே ஆளையோ தேர்வையோ மாற்றிக்கொள்வது) ஆளை அனுப்பினால் சம்பளம் புதிய அணிக்குப் போகும். நீங்கள் கொடுத்த போனஸின் மிச்சம் உங்கள் டெட் மனி. கிரீன் பே பேக்கர்ஸ் 2023-இல் ஏரன் ராட்ஜர்ஸை ஜெட்ஸுக்கு அனுப்பியபோது சுமார் 40 மில்லியன் டெட் மனியைச் சுமந்தது. ஜூன் 1 சலுகையை டிரேடுக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் முடியாது. உண்மையிலேயே அந்தத் தேதிக்குப் பிறகு டிரேடு நடக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டாதவருக்கு இன்னோர் அணி இரண்டாம் சுற்றுத் தேர்வு தரும் என்று எழுதாதீர்கள். ஜெர்ரி ஜூடி 2020-இன் முதல் சுற்று ரிசீவர். 2024 மார்ச்சில் அவரைக் கொடுத்து பிராங்கோஸ் வாங்கியது ஐந்தாம் சுற்றும் ஆறாம் சுற்றும்.

11. டிராஃப்ட்

இங்கே வரும்போது தேவைப் பட்டியலில் இரண்டு மூன்றுதான் மிச்சம் இருக்க வேண்டும். ஆறு ஓட்டைகளோடு டிராஃப்டுக்குப் போனால் தரத்தைவிட்டு ஓட்டையைத் துரத்துவீர்கள்.

புதியவரின் சம்பளத்தைத் தேர்வு எண்தான் நிர்ணயிக்கிறது, ஆடும் இடம் அல்ல. 32-ஆம் தேர்வில் சேஃப்டி எடுத்தாலும் எட்ஜ் எடுத்தாலும் ஒரே பணம். சந்தையில் எட்ஜ் விலை பல மடங்கு. அதனால் முதல் சுற்றைக் குவாட்டர்பேக் (பந்தெறிபவர்), டேக்கிள், எட்ஜ், கார்னர், ரிசீவர் போன்ற விலையுயர்ந்த இடங்களுக்கு வைத்தால் மிச்சமாகும் பணம் அதிகம். டெட்ராய்ட் லயன்ஸ் 2023-இல் 12-ஆவதாக ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸை எடுத்தபோது பலர் சிரித்தார்கள், அவரோ அசத்திவிட்டார். ஆனாலும் விதிவிலக்கை நம்பித் திட்டம் போட முடியாது.

முதல் சுற்று ஆளின் முதல் ஆண்டு கேப் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: நான்காண்டு மொத்தத்தை 5.5-ஆல் வகுங்கள். முதல் ஆண்டுத் தொகையில் கால் பங்கு வீதம் ஒவ்வோர் ஆண்டும் கூடுவதால் இப்படி அமைகிறது. 2025-இன் முதல் தேர்வான கேம் வார்டுக்கு மொத்தம் சுமார் 48.8 மில்லியன், முதல் ஆண்டு சுமார் 8.9. அவர் 51 பட்டியலில் ஏறும்போது கீழே ஒருவர் வெளியேறுவார், அவருடைய சுமார் ஒரு மில்லியனைக் கழியுங்கள். பின் சுற்று ஆட்கள் பெரும்பாலும் 51-க்குள் வருவதில்லை. வகுப்பு முழுவதும் சேர்ந்தும் புதியவர்கள் பயப்படும் அளவுக்குப் பணம் தின்னாது.

வேறு அணியோடு தேர்வு மாற்றிக்கொள்ள, ஒவ்வொரு தேர்வுக்கும் மதிப்புப் புள்ளி தரும் ஜிம்மி ஜான்சன் அட்டவணை எளிது: முதல் தேர்வு 3000 புள்ளி, 10-ஆவது 1300, 16-ஆவது 1000, 32-ஆவது 590, 64-ஆவது 270. பத்திலிருந்து பதினாறுக்கு இறங்கினால் 300 புள்ளி வர வேண்டும், அது 60-ஆம் தேர்வின் மதிப்பு. இன்று அணிகள் வேறு அட்டவணைகளும் வைத்திருக்கின்றன. உங்கள் மாற்றம் கேலிக்கூத்தா இல்லையா என்று பார்க்க இது போதும்.

போலி டிராஃப்ட் மென்பொருளில் ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். முதல் பத்துக்குரியவர் 25-க்கு விழுந்தால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். நான்காம் சுற்றுக்குப் பிறகு எடுத்தவரை முதல் ஆண்டே ஸ்டார்ட்டராகவும் எழுதாதீர்கள்.

12. தொண்ணூறிலிருந்து ஐம்பத்து மூன்று

இப்போது தலைகளை எண்ணுங்கள். டிராஃப்ட் ஆகாதவர்களைச் சேர்த்து 90-ஐ நிரப்பி, பிறகு 53-ஐ எழுதுங்கள். குவாட்டர்பேக் 2 அல்லது 3, ரன்னிங் பேக் 3 அல்லது 4, ரிசீவர் 5 அல்லது 6, டைட் எண்ட் 3, ஒஃபென்சிவ் லைன் 9, டிஃபென்சிவ் லைனும் எட்ஜும் சேர்த்து 10, லைன்பேக்கர் 5, கார்னர் 5 அல்லது 6, சேஃப்டி 4 அல்லது 5, கிக்கர், பண்டர், லாங் ஸ்னாப்பர். அந்த லாங் ஸ்னாப்பரை (உதைக்கும் ஆட்டங்களில் பந்தைப் பின்னால் எறிபவர்) பல திட்டங்கள் மறந்துவிடுகின்றன.

ஆட்ட நாளில் 48 பேர் உடை அணியலாம், எட்டு ஒஃபென்சிவ் லைன் ஆட்கள் இருந்தால் மட்டும். ஏழு என்றால் 47. ஆகவே ஐந்தாவது ரிசீவர், நான்காவது லைன்பேக்கர் எல்லாரும் சிறப்புக் குழுவில் ஓட வேண்டியவர்கள். பந்து பிடிக்க மட்டும் தெரிந்த ஆறாவது ரிசீவருக்கு இடமில்லை.

நான்கு சீசன் முடிக்காதவரை நீக்கினால் அவர் வேய்வரில் (பிற அணிகள் உரிமை கோரும் பட்டியல்) போவார், வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். 'பயிற்சி அணியில் ஒளித்துவைப்போம்' என்று மூன்றாம் சுற்று ஆளைப் பற்றி எழுதினால் அவர் அடுத்த நாள் மதியம் வேறு ஊரில் இருப்பார்.

13. அடுத்த ஆண்டுக் கட்டத்தைக் கூட்டுங்கள்

முதல் படியில் விடக் கூடாது என்று சொன்ன எட்டாவது கட்டம் இதற்குத்தான். திட்டத்தில் மிச்சம் இருக்கும் எல்லாரின் அடுத்த ஆண்டு கேப் எண்ணையும், தள்ளிப்போட்ட டெட் மனியையும், காலாவதியாகும் வெற்று ஆண்டுகளின் பாக்கியையும் கூட்டுங்கள். அந்த ஆண்டு எத்தனை பேர் ஒப்பந்தத்தில் இருப்பார்கள் என்றும் எண்ணுங்கள். 35 பேருக்கே கேப் தீர்ந்துவிட்டால் மீதி 16 பேரைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் நிரப்ப வேண்டியிருக்கும்.

அப்படி வந்தால் ஆறாம் படிக்குத் திரும்பி ஒரு ரீஸ்ட்ரக்சரை எடுத்துவிட்டு, ஒன்பதாம் படியில் ஒரு பெயரின் இரண்டாம் விலையைப் போட்டு மறுபடி கூட்டுங்கள். அனேகமாக இரண்டு மூன்று சுற்று தேவைப்படும்.